எனக்காக மொழியை மாற்ற வேண்டாம்

1

குளிரைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயில் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பு என்று ரங்கூன் பக்கத்து இன்சீனிலிருந்து கேட்பவர்கள் எல்லோரும், பனியை எப்படித் தாங்குகிறாய் என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். பனிக்குக் கோட்டு இருக்கிறது, பூட்ஸ் இருக்கிறது, வீட்டுக்குள் சூடு இருக்கிறது. இத்தனை வருடத்தில் குளிர் என்னை ஒன்றும் செய்துவிடவில்லை. என்னைப் பாடாய்ப் படுத்துவது இந்த ஊர்க்காரர்களின் மரியாதைதான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் வரட்டும். இதில் நீங்களும் வருகிறீர்கள்.

நான் இருப்பது பின்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் ஒரு சிற்றூர். நாட்டில் பெரும்பாலோர் பேசுவது பின்னிஷ். எங்கள் ஊரில் ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள்தான் அதிகம். தெருப் பெயர்ப் பலகையில் மேலே ஸ்வீடிஷ், கீழே பின்னிஷ். பஸ் ஏறி உள்நாட்டுப் பக்கம் போனால் பலகை தலைகீழாகிவிடும். ஊருக்குள் பெரும்பான்மை, எல்லையைத் தாண்டினால் சிறுபான்மை. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்சீனில் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தும் அப்படித்தான். சந்துக்குள் தமிழ், பெரிய தெருவுக்கு வந்துவிட்டால் பர்மியம்.

என் கணவர் சிவா ரங்கூனுக்குத் தெற்கே கியாக்தான்காரர், ஆற்றில் படகோட்டி வளர்ந்தவர். இங்கே தக்காளி வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்து வந்தோம். மகள் வள்ளி அப்போது கைக்குழந்தை. இப்போது என்னைவிட உயரம்.

வந்த புதிதில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு அம்மாள், எந்த மொழி படிக்கப் போகிறாய் என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார்: பின்னிஷ் படி, நாடு முழுக்கச் செல்லும். என் வீட்டுக்குக் கீழே இருக்கும் ரொட்டிக் கடையில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். ஸ்வீடிஷ் என்றார். அப்படியென்றால் அதையே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எதிர்காலத்தை யோசிக்கச் சொன்னார். நாளைக் காலையில் ரொட்டி வாங்க வேண்டுமே என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார்.

வள்ளியைப் பள்ளியில் சேர்த்தபோது இன்னொரு கூத்து. இந்த நாட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் தாய்மொழி இன்னதென்று அரசாங்கத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒன்றுதான் பதியலாம். பிள்ளை ஸ்வீடிஷ் பள்ளிக்குத்தானே போகிறாள், ஸ்வீடிஷ் என்று மாற்றிவிட்டால் எல்லாம் சுலபமாகிவிடும் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். தமிழ் என்றே இருக்கட்டும் என்றேன். அவளுக்குத் தமிழ் சரளமாக வருமா என்று கேட்டார்கள். அவளைப் பெற்ற தாய் நான்தானே என்று திருப்பிக் கேட்டேன். தமிழ் என்றே பதிந்தார்கள்.

இந்தப் பழைய கதைகளை எல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் என் அக்காவின் தொண்டை. அதற்கு வருகிறேன்.

2

இந்த ஊர் மரியாதை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். நான் ஸ்வீடிஷில் ரொட்டி கேட்பேன். கடைப்பெண் என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் விலை சொல்வாள். நான் ஸ்வீடிஷில் நன்றி சொல்வேன். அவள் ஆங்கிலத்தில் வழியனுப்புவாள். இதில் வெறுப்பு துளியும் கிடையாது. இருந்தால் சண்டையாவது போடலாம். எனக்குச் சிரமம் தரக் கூடாது என்று நினைக்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? ஆகவே நான் வேறு வழி கண்டுபிடித்தேன். அவர்கள் எதில் பேசினாலும் நான் ஸ்வீடிஷை விடுவதில்லை. கடைப்பெண் களைத்துப்போய் ஸ்வீடிஷுக்குத் திரும்ப ஒரு முழுக் குளிர்காலம் ஆயிற்று. ஆனாலும் திரும்பினாள்.

எனக்கு மட்டும் நடப்பதல்ல இது. பத்து ஸ்வீடிஷ்காரர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு ஒரு பின்னிஷ்காரர் வந்துவிட்டால் போதும், பத்துப் பேரும் பின்னிஷுக்குத் தாவிவிடுவார்கள். வந்தவர் கேட்க வேண்டியதுகூட இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. மழை வந்ததும் துணியை எடுப்பதுபோல அவ்வளவு பழக்கம்.

சிவா ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கியதால் நாங்கள் படகுத்துறைச் சங்கத்தில் சேர்ந்தோம். துறை என்றால் தண்ணீரில் மிதக்கும் பலகைப் பாதை. கடல் உறைந்தால் பனிக்கட்டி அதை நசுக்கிவிடும் என்பதால், ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் உறுப்பினர்கள் எல்லோரும் கூடி அதைச் சங்கிலிகளிலிருந்து கழற்றிக் கரையேற்ற வேண்டும். கூலி கிடையாது. வேலை முடிந்ததும் பட்டாணி சூப்பும் காபியும் உண்டு, பிறகு சங்கக் கூட்டம். எந்த வேலையையும் சாப்பாட்டில் முடிக்கத் தெரிந்தவர்கள் என்பதால் எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

சங்கத் தலைவி குன்னெல் எழுபது தாண்டியவர், கட்டளை போட்டால் துறைமுகமே திரும்பிப் பார்க்கும். நாங்கள் சேர்ந்த கொஞ்ச நாளில் விர்த்தனென் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். விர்த்தனென் என்பது பின்னிஷ் பெயர். அவ்வளவுதான், அன்றிலிருந்து கூட்டம் பின்னிஷில் நடக்க ஆரம்பித்தது. எனக்குப் பின்னிஷ் தெரியாதென்று குன்னெல் நடுநடுவே என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சுருக்கம் சொல்வார். ஸ்வீடிஷ் பேசும் ஊரில், ஸ்வீடிஷ் பேசும் மனிதர்கள், ஸ்வீடிஷ் பேச வந்தவளை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஸ்வீடிஷே இல்லாமல் கூட்டம் நடத்தினார்கள்.

3

சிரிக்காதீர்கள். நாம் என்ன செய்தோம்?

என் அப்பா இறந்த அன்று எங்கள் அத்தை அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, அண்ணே அண்ணே என்று அழுதுகொண்டிருந்தாள். ஒர்க்‌ஷாப்பில் அப்பாவோடு வேலை செய்த பர்மியர்கள் சிலர் வாசலில் வந்து நின்றார்கள். அத்தை பாதி அழுகையில் பர்மியத்துக்கு மாறினாள். கூடப் பிறந்தவனுக்கு அழுகிற அழுகையை, வந்தவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று மாற்றினாள். அவர்கள் போன பிறகு தமிழுக்குத் திரும்பினாள். எனக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். அன்று அதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. இங்கே வந்து, குன்னெல் விர்த்தனெனுக்காக நாக்கை மாற்றுவதைப் பார்த்த பிறகுதான் அத்தையின் அழுகை என் காதில் திரும்ப விழுந்தது.

அதற்குப் பர்மியத்தில் ஒரு சொல் இருக்கிறது, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்: ஆனாடே. அடுத்தவருக்குச் சங்கடம் தந்துவிடுவோமோ என்ற கூச்சம். நல்ல குணம்தான். அந்த நல்ல குணத்தால் எங்கள் சந்தில் இன்று பிள்ளைகள் தமிழைக் காதால் கேட்டுப் பர்மியத்தில் பதில் சொல்கிறார்கள். யாரும் நம்மை அடித்துப் பிடுங்கவில்லை. நாமாகவே எழுந்து இடம் கொடுத்தோம்.

என் அக்கா ராசாத்தி இன்னும் அந்தச் சந்தில்தான் இருக்கிறாள். தினமும் ரங்கூனைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் நகரத்துக்குப் போய் லத்தாவில் ஒரு கருவாட்டு மொத்தக் கடையில் நிற்கிறாள். கடையில் அவளுக்குப் பர்மியப் பெயர், மா டே; வீட்டில்தான் ராசாத்தி. பிள்ளையில்லாதவள். வள்ளி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியது அவள்தான். நாங்கள் விமானம் ஏறும் வரை பிள்ளை என்னிடம் இருந்ததைவிட அவள் இடுப்பில் இருந்ததுதான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்கு, சாயங்காலம் அவளுக்கு. கரண்ட் இருந்தால் போனில் பேசுவோம். நானும் அவளும் தமிழில் பேசுவோம், நடுவே அவள் பர்மியம் தூவுவாள். கடைசியில் வள்ளியிடம் போனைக் கொடுப்பேன். உடனே அக்காவின் குரல் மாறும்.

"ஹவ் ஆர் யூ, டாட்டர்? ஈட் ஃபினிஷ்?"

"யெஸ், ஆன்ட்டி. ஹவ் ஆர் யூ?"

"ஃபைன், ஃபைன். ஸ்டடி வெல்."

அவ்வளவுதான் பேச்சு. வருடக்கணக்காக இதே நான்கு வரி. பிள்ளைக்குத் தமிழ் தெரியும், தமிழில் பேசு என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். எந்தத் தாயும் தன் பிள்ளையைப் பற்றி அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு, யாபாடே, பரவாயில்லை என்பாள். வள்ளியிடம் சொன்னால் தோளைக் குலுக்குவாள்.

இந்த வருடம் மழைக்காலம் முடியும்போது அக்காவின் கழுத்தில் கட்டி பெரிதாகிவிட்டது. தைராய்டு, எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறதாம். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கம்மலாம், சிலருக்கு அப்படியே நின்றுவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அக்கா இதை என்னிடம் கருவாட்டு விலை சொல்வதுபோலச் சொன்னாள். இன்றைய நிலைமையில் நான் ரங்கூன் போய்த் திரும்புவது என் கையில் இல்லை. அன்று போனை வைத்த பிறகு எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். இவள் குரல் போய்விட்டால், தன் பெரியம்மா வாயிலிருந்து வள்ளி கடைசியாகக் கேட்டது "ஸ்டடி வெல்" என்பதாக இருக்கும். அதை நான் விடப் போவதில்லை.

4

அடுத்த சனிக்கிழமை துறையைக் கரையேற்றும் நாள். காற்று பலமாக இருந்தது. சிவாவும் மற்ற ஆண்களும் கரையில், பலகையை இழுக்கும் விஞ்ச் பக்கம். நானும் விர்த்தனெனும் இடுப்பளவு ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றோம். பலகையின் அடியில் பூட்டியிருக்கும் சங்கிலியை அவர் கழற்ற வேண்டும், நான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கரையிலிருந்து குன்னெல் அவருக்குப் பின்னிஷிலும் எனக்கு ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கத்தினார். இரண்டுக்கும் நடுவே ஓர் அலை வந்து பலகையைத் தூக்கியது. சங்கிலி என் கையிலிருந்து உருவிக்கொண்டு ஓடியது. விடாதே, இந்தப் பக்கம் இழு என்று நான் ஸ்வீடிஷில் அலறினேன். வாயில் வந்தது அதுதான். விர்த்தனென் பாய்ந்து சங்கிலியைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் விரல் நசுங்கி, ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதற்கு வாலாக இன்னும் இரண்டு சொன்னார். எல்லாம் ஸ்வீடிஷ். அதுவும் வகுப்பில் சொல்லித்தரும் ஸ்வீடிஷ் இல்லை, தீவுகளில் மீன்பிடிக்கிற கிழவர்கள் பேசுவது.

கரையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சங்கிலியைக் கட்டி முடித்ததும் நான் அவரிடம் ஸ்வீடிஷிலேயே கேட்டேன்.

"இந்த மொழியை எங்கே கத்துக்கிட்டீங்க?"

"எங்கே கத்துக்கிறது? எங்க வீட்டு மொழி இது. அம்மா தீவுக்காரங்க. பேரு மட்டும்தான் அப்பாவோடது."

பிறகு ஏன் மூன்று வருடமாகப் பின்னிஷ் பேசினீர்கள் என்று கரையிலிருந்து குன்னெல் கேட்டார். முதல் நாள் எல்லோரும் பின்னிஷில் வரவேற்றீர்கள், இங்கே அதுதான் வழக்கம் போலிருக்கிறது, மாற்றச் சொன்னால் நன்றாக இருக்காது என்று நானும் பேசினேன் என்றார் விர்த்தனென். உங்கள் பெயரைப் பார்த்துத்தான் நாங்கள் மாறினோம் என்றார் குன்னெல். சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்கொருவர் நோகக் கூடாதென்று மூன்று வருடம் எல்லோரும் சேர்ந்து கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு போனும் அதன் இரண்டு பக்கமும் அக்கா முகமும் வள்ளி முகமும்தான் கண் முன்னால் நின்றன.

சூப்புக்குப் பிறகு கூட்டம் ஸ்வீடிஷில் தொடங்கியது. முதல் விஷயம் முடிந்ததும் குன்னெல் வழக்கம்போல என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், உனக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். சற்று முன்புதான் சிரித்து முடித்த மனுஷி! நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"எனக்காக மொழியை மாத்த வேண்டாம். புரியலன்னா நானே கேட்பேன்," என்றேன் ஸ்வீடிஷில்.

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சிவா காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குன்னெல் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு, சங்கிலி துருப்பிடித்திருக்கிறது, புதிது வாங்க வேண்டும் என்று ஸ்வீடிஷில் தொடர்ந்தார். எனக்கு முக்கால்வாசி புரிந்தது. மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

5

வீட்டுக்கு வந்து ஈர உடுப்பைக்கூட மாற்றாமல் வள்ளியிடம் கதையைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, நீயும் பெரியம்மாவும் செய்வது என்னவாம் என்று கேட்டேன்.

"அவங்கதானே இங்கிலீஷ்ல ஆரம்பிக்கிறாங்க? நான் தமிழ்ல பேசினா, உங்க இங்கிலீஷ் நல்லா இல்லன்னு சொல்ற மாதிரி இருக்கும்மா. அது மரியாதை இல்லை."

பார்த்தீர்களா? இந்த ஊர் என் மகளுக்குப் பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுத்தது, நீச்சல் சொல்லிக்கொடுத்தது, கூடவே இதையும் சொல்லிக்கொடுத்துவிட்டது. அவள் என்னிடம் பேசுவதும் பாதி தமிழ், பாதி ஸ்வீடிஷ்தான். ஆனால் அந்தத் தமிழ்ப் பாதி நன்றாகப் பேசத் தெரிந்த பாதி.

அன்றே அக்காவுக்குப் போன் போட்டேன். கரண்ட் இல்லை, விசிறியால் விசிறிக்கொண்டே பேசினாள். வள்ளி சொன்னதைச் சொன்னேன். விசிறியைக் கீழே வைத்தாள்.

"புள்ளைக்கு வராத மொழியில பேசி அதைத் திணற வைக்கக் கூடாதுன்னுதான், செல்வி. எனக்கென்னா, அந்த நாலு வரி இங்கிலீசுக்கு நான் காலையில இருந்து மனப்பாடம் பண்ணுவேன்."

இதைக் கேட்டு எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு "ஈட் ஃபினிஷ்" என்று என் அக்கா ஒத்திகை பார்த்திருக்கிறாள். இனி இந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் மொழியை மாற்றக் கூடாது என்றேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஞாயிறுதான் இருந்தது. உங்களுக்கு நடுவே நான் மொழிபெயர்க்கவும் மாட்டேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். ரொம்பத்தான் அதிகாரம் பண்ணுகிறாய் என்றாள் அக்கா. ஆமாம் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை வள்ளி கையில் கொடுத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். துறை இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் பரபரத்தது. போகவில்லை.

திரும்பி வந்தபோது வள்ளி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அக்காவின் குரல் கணீரென்று அறை முழுக்கக் கேட்டது. வள்ளி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் தண்ணீர், சைக்கா வண்டிக்காரன் பெடலை மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளினான், உன்னை நான் என் லோஞ்சிக்குள்ளே வைத்துச் சுற்றிக்கொண்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன், இந்தக் கதையை எனக்குக்கூட அவள் சொன்னதில்லை. வள்ளி நடுவே ஏதோ கேட்டாள், பாதி ஸ்வீடிஷாகத்தான் இருந்தது. அக்கா அதற்குப் பர்மியம் கலந்த தமிழில் பதில் சொன்னாள். எப்படிப் புரிந்ததோ, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

6

ஆபரேஷன் முடிந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குரலைப் பற்றி மட்டும் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாதாம். சில வாரம் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு.

நேற்று ஞாயிறு. கழுத்தில் பெரிய கட்டோடு அக்கா திரையில் வந்தாள். கையை ஆட்டினாள். நான் நலம் விசாரித்துவிட்டுப் போனை வள்ளியிடம் கொடுத்தேன். இந்த முறை வெளியே போகவில்லை, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மாவால் பேச முடியாதல்லவா, ஆகவே வள்ளிதான் பேச வேண்டியிருந்தது. பள்ளியைப் பற்றிச் சொன்னாள். கடல் ஓரத்தில் உறைய ஆரம்பித்திருப்பதைச் சொன்னாள். பிறகு விர்த்தனென் கதையை ஆரம்பித்தாள். அன்று தண்ணீரில் நின்றவள் இவள்தான் என்பதுபோல அவ்வளவு உற்சாகம். அம்மா தண்ணியில நிக்கிறாங்க, அந்த ஆளும் நிக்கிறாரு, பெரிய அலை வருது, அப்போ அந்த... அந்த... என்று நின்றாள். கையால் காற்றில் வளையம் வளையமாகப் போட்டுக் காட்டினாள். சொல் வரவில்லை.

"சாரி பெரியம்மா, இதை மட்டும் இங்கிலீஷ்ல சொல்லிடறேன்."

திரையில் அக்கா கையைத் தூக்கினாள். டாக்டர் உத்தரவு என்ன ஆயிற்றோ, வாயைத் திறந்துவிட்டாள். குரல் என்று சொல்ல முடியாது. காற்றுதான் வந்தது. ஆனால் நான் நின்ற இடம் வரை கேட்டது.

"மாத்தாத. யோசிச்சுச் சொல்லு. நான் இருக்கேன்."

வள்ளி யோசித்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சங்கிலி என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள்.

"இரும்புக் கயிறு," என்றாள் வள்ளி. "இரும்புக் கயிறு பெரியம்மா. அது அம்மா கையை விட்டு ஓடிருச்சு. ஆனா புடிச்சுட்டாங்க."